நின்டெண்டோ 64-க்கு எந்தக் கன்ட்ரோலர் வாங்குவது? ஸ்டிக் அனுப்பும் எண்ணில் இருக்கிறது விடை

1996 ஜூனில் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ 64 கன்சோலுக்கு இப்போது மறுபடியும் கன்ட்ரோலர் தேடுகிறார்கள். விளையாட்டு அடங்கிய பழைய கேட்ரிட்ஜ்களை அப்படியே செருகி 4கே டிவியில் ஆட வைக்கும் அனலாக் 3டி என்ற புதிய கன்சோல் 2025 இறுதியில் விற்பனைக்கு வந்தது ஒரு காரணம். பெட்டிக்குள் கிடந்த பழைய கன்ட்ரோலரை எடுத்து மாட்டிப் பார்த்தால் நடுவில் இருக்கும் ஸ்டிக் தொளதொளவென்று ஆடுகிறது என்பது இன்னொரு காரணம்.

தேடுகிறவருக்குக் கிடைப்பது விளம்பரச் சொற்கள். ஹால் எஃபெக்ட், டிஎம்ஆர், எண்கோண வளையம், டர்போ என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பட்டியல் இருக்கும். இருப்பதிலேயே நவீனமானதை வாங்கி மாட்டிய பிறகு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "மரியோவை மெதுவாக நடக்க வைக்கவே முடியவில்லை, தொட்டாலே ஓடுகிறான்." கன்ட்ரோலர் பழுதாகவில்லை. பாகங்களும் தரமானவையாகவே இருக்கலாம். ஆனால் அது அனுப்பும் எண், அந்த விளையாட்டு எதிர்பார்க்கும் எண் இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்ற வேறுபாடுகளை எடைபோடுவது எளிது. அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

கன்ட்ரோலர் கன்சோலிடம் என்ன சொல்கிறது?

நின்டெண்டோ 64 கன்ட்ரோலரின் பிளக்கில் மூன்றே இணைப்புகள். ஒன்று 3.3 வோல்ட் மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று தகவல் போய்வரும் கம்பி. கேள்வியும் பதிலும் அந்த ஒரே கம்பியில்தான். "இப்போது என்ன அழுத்தப்பட்டிருக்கிறது?" என்று கன்சோல் கேட்கும், கன்ட்ரோலர் 32 பிட்டுகளில், அதாவது 32 பூஜ்யம்-ஒன்றுகளில், பதில் சொல்லும். அந்த 32 பிட்டுகளைப் பிரித்தால்:

1. முதல் 16 பிட்டுகள் பட்டன்களுக்கு. ஏ, பி, இசட், ஸ்டார்ட், எல், ஆர், நான்கு மஞ்சள் சி பட்டன்கள், நான்கு திசைப் பட்டன்கள் என மொத்தம் 14. மீதி இரண்டில் ஒன்று ஸ்டிக்கின் நடுப்புள்ளியை மறுபடி அமைத்ததைச் சொல்ல. இன்னொன்று காலி.
2. அடுத்த 8 பிட்டுகள், ஸ்டிக் இடம் வலமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கு.
3. கடைசி 8 பிட்டுகள், மேலும் கீழுமாக எவ்வளவு என்பதற்கு.

பட்டன் விஷயத்தில் குழப்பமே இல்லை. அழுத்தினால் 1, இல்லாவிட்டால் 0. எந்த நிறுவனம் செய்தாலும் இது ஒன்றுதான். ஸ்டிக்கில்தான் சிக்கல். 8 பிட்டுகளில் -128 முதல் 127 வரை எந்த எண்ணையும் எழுதலாம். ஆனால் நின்டெண்டோவின் சொந்தக் கன்ட்ரோலர், புத்தம் புதிதாக இருந்தபோதுகூட, ஒரு பக்கம் முழுக்கச் சாய்த்தால் ஏறக்குறைய 80 முதல் 85 வரைதான் காட்டியது. 127 என்ற எண் அதிலிருந்து வந்ததே இல்லை. அந்தக் காலத்து விளையாட்டுகளை எழுதியவர்கள் இந்தக் கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். அதனால் விளையாட்டுகளின் கணக்கு முழுவதும் இந்த 80-ஐச் சுற்றியே அமைந்தது.

பழைய ஸ்டிக் எதனால் தேய்ந்தது?

பந்து வைத்த பழைய மவுஸைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். உள்ளே துளைகள் வரிசையாக வெட்டிய சின்னச் சக்கரங்கள் இருக்கும். ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் ஒளியை உணரும் சென்சார். சக்கரம் சுற்றும்போது ஒளி விட்டுவிட்டு வருவதை எண்ணினால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். நின்டெண்டோ 64 ஸ்டிக்குக்குள்ளும் இதே ஏற்பாடுதான், திசைக்கு ஒரு சக்கரமாக இரண்டு.

இந்த முறையில் ஒரு விசேஷம் உண்டு. சக்கரம் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் தெரியுமே தவிர, ஸ்டிக் இப்போது எங்கே நிற்கிறது என்பது தெரியாது. ஆகவே மின்சாரம் வந்த கணத்தில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ, அதையே நடு என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கும். ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்தபடி கன்சோலை ஆன் செய்தால் அப்புறம் விளையாட்டில் வரும் பாத்திரம் தானாக ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கும். எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சரியாகிவிடும்.

ஒளியை எண்ணும் சென்சாரில் உரசல் இல்லாததால் அது தேய்வதில்லை. தேய்வது ஸ்டிக்கின் அடிப்பகுதி. அது ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவிலும் அதன் மேல் உரசுகிறது. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசினால் வெள்ளைப் பொடி உதிரும். பழைய கன்ட்ரோலரைத் திறப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பொடியைத்தான். கிண்ணம் குழியக் குழிய ஸ்டிக் ஆட்டம் காணும். கை சாய்த்தாலும் அந்த ஆட்டத்துக்கே கொஞ்சம் தூரம் போய்விடும், சக்கரம் குறைவாகவே சுற்றும். 80 காட்டிய ஸ்டிக் 70 காட்டும், அப்புறம் 60, அப்புறம் இன்னும் கீழே.

இதை மிக வேகமாகச் செய்து முடித்த விளையாட்டு மரியோ பார்ட்டி. ஸ்டிக்கை எவ்வளவு வேகமாகச் சுற்ற முடியுமோ அவ்வளவு வேகமாகச் சுற்றச் சொல்லும் போட்டிகள் அதில் இருந்தன. பிள்ளைகள் கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையை வைத்து அழுத்திச் சுற்றினார்கள். ஸ்டிக் மட்டுமல்ல, கையும் தோலுரிந்தது. 2000-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலுடன் நின்டெண்டோவின் அமெரிக்க நிறுவனம் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அந்த விளையாட்டு வைத்திருந்த குடும்பங்கள் கேட்டால் கையுறை அனுப்ப வேண்டியிருந்தது. இன்று பழைய கன்ட்ரோலர் வாங்கும்போது, அதன் முந்தைய வீட்டில் மரியோ பார்ட்டி இருந்ததா என்பது நியாயமான கேள்வி.

எண் குறைந்தால் என்ன நடக்கும்?

"கொஞ்சம் ஆட்டம்தானே, விளையாட முடிகிறதே" என்று தோன்றலாம். சூப்பர் மரியோ 64-ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த விளையாட்டின் நிரலை ரசிகர்கள் ஒவ்வொரு வரியாக மீட்டு எழுதியிருப்பதால், ஸ்டிக்கின் எண்ணை அது எப்படிக் கையாள்கிறது என்பது துல்லியமாகத் தெரியும்.

1. ஸ்டிக்கின் எண் இரு பக்கமும் 8-க்குக் கீழே இருந்தால் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். நடுவில் நிற்கும்போது வரும் சிறு நடுக்கத்தைப் புறக்கணிக்க இந்த ஏற்பாடு.
2. அதற்கு மேல் இருந்தால் 6-ஐக் கழிக்கும்.
3. மிச்சம் 64-ஐத் தாண்டினால் 64 என்றே வைத்துக்கொள்ளும். அதாவது ஸ்டிக் 70 காட்டினாலே முழுச் சாய்வு.
4. பிறகு அந்த மிச்சத்தை 64-ஆல் வகுத்து, வந்த விடையை அதனாலேயே பெருக்கும். மரியோ எட்ட வேண்டிய வேகத்தை அது தீர்மானிக்கும்.

நான்காவது படிதான் முக்கியம். பின்னத்தை அதே பின்னத்தால் பெருக்கும்போது அது இன்னும் சுருங்கும். புது ஸ்டிக் 82 காட்டினால் வேகம் 100 சதவீதம். 70 காட்டினாலும் 100 சதவீதம். ஆனால் 60 காட்டும் தேய்ந்த ஸ்டிக்கில் மிச்சம் 54, வேகம் 71 சதவீதம்தான். 50 காட்டினால் மிச்சம் 44, வேகம் 47 சதவீதம். ஸ்டிக் தன் வீச்சில் நாற்பது சதவீதம்கூட இழக்கவில்லை, மரியோவின் ஓட்டம் பாதிக்கும் கீழே போய்விட்டது. சிறுவயதில் தாண்டிய பள்ளத்தை இப்போது தாண்ட முடியவில்லை என்றால் வயதைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்டிக்கைப் பாருங்கள்.

எண் கூடினால்?

இதற்கு நேர் எதிரான கோளாறு பல புதிய கன்ட்ரோலர்களில் இருக்கிறது. 8 பிட்டில் 127 வரை இடம் இருக்கிறதே என்று, முழுச் சாய்வுக்கு 127 அல்லது அதற்கு அருகில் அனுப்புகிறார்கள். காகிதத்தில் இது மேம்பாடு மாதிரி தெரியும். விளையாட்டில் நடப்பது வேறு.

ஸ்டிக்கைப் பாதி தூரம் மட்டும் சாய்ப்பதாக வைத்துக்கொள்வோம். அசல் கன்ட்ரோலர் 41 அனுப்பும். மிச்சம் 35, மரியோவின் வேகம் 30 சதவீதம். நிதானமான நடை. 127 வரை போகும் கன்ட்ரோலர் அதே பாதிச் சாய்வுக்கு 63 அனுப்பும். மிச்சம் 57, வேகம் 79 சதவீதம். கிட்டத்தட்ட ஓட்டம். அசல் ஸ்டிக்கில் 85 சதவீதத் தூரம் வரை சாய்த்த பிறகுதான் முழு வேகம் வரும். இதில் 55 சதவீதத்திலேயே வந்துவிடும், மிச்சத் தூரம் வீண். நடை, மெதுநடை, பூனைநடை எல்லாம் அந்த முதல் பாதிக்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டும். "தொட்டாலே ஓடுகிறான்" என்ற புகார் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இன்னொரு பக்க விளைவும் உண்டு. 8-க்குக் கீழே பூஜ்யம் என்ற ஏற்பாடு, அசல் ஸ்டிக்கில் சாய்வின் பத்து சதவீதத்துக்குச் சமம். 127 ஸ்டிக்கில் அது ஆறு சதவீதமாகச் சுருங்குகிறது. நடுவில் ஸ்டிக் துளி விலகி நின்றாலும் பாத்திரம் நகர ஆரம்பித்துவிடும்.

மரியோ 64-லாவது 64-க்கு மேல் வெட்டிவிடும் வரி இருக்கிறது. எல்லா விளையாட்டிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. எமுலேட்டரில், அதாவது பழைய கன்சோலைப் போல நடிக்கும் கணினி நிரலில், ஆடுபவர்களுக்கும் இதே பிரச்சினைதான். ஸ்டிக்கின் வீச்சை மாற்றும் அமைப்பு இருந்தால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொண்டுவந்து பாருங்கள். 127-இல் மூன்றில் இரண்டு பங்கு ஏறக்குறைய 85.

எண்கோணம் எதற்கு?

சரி, 127-ஐ 85-ஆகச் சுருக்கிவிட்டால் போதுமா? போதாது. வீச்சுக்கு ஒரு வடிவமும் உண்டு.

அசல் ஸ்டிக்கைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம் வட்டம் இல்லை, எட்டு மூலைகள் கொண்டது. ஸ்டிக்கை நேராக வலப்பக்கம் தள்ளினால் 85 வரை போகும். மூலைவிட்டமாக, அதாவது வலமும் மேலும் சேர்ந்தாற்போலத் தள்ளினால் இரண்டு எண்களும் ஏறக்குறைய 70, 70 என்று வரும். வட்ட வளையம் உள்ள நவீன ஸ்டிக்கில் நேர்த்திசை 85 என்று அமைத்தால் மூலைவிட்டத்தில் 60, 60 தான் வரும். வட்டத்தின் கணிதம் அது, தயாரிப்பாளரின் தவறு இல்லை.

இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கும் விளையாட்டுகளில் இது உறுத்தாது. மரியோ 64-இல் 60, 60 வந்தாலும் முழு வேகம்தான். ஆனால் இட-வல எண்ணைத் தனியாகவும் மேல்-கீழ் எண்ணைத் தனியாகவும் பார்க்கும் விளையாட்டில் 70 எதிர்பார்க்கும் இடத்தில் 60 போனால் திருப்பம் மந்தமாகும். மூலையைச் சமாளிக்க வீச்சைக் கூட்டினால் நேர்த்திசை எகிறிவிடும். எனவே மூலைவிட்டத்தைத் தனியாகத் திருத்தி அனுப்பும் நிரல் கன்ட்ரோலருக்குள் இருக்க வேண்டும், அல்லது வளையமே அசலின் விகிதத்தில் இருக்க வேண்டும்.

எட்டு மூலைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஸ்டிக்கைத் தள்ளி மூலையில் பொருத்தினால் அது சரியாக அந்தத் திசையிலேயே நிற்கும். கண் பார்க்காமல் கை கண்டுபிடித்துவிடும். குறுகலான பாலத்தில் நேராக ஓட வேண்டியவருக்கு இதன் அருமை தெரியும்.

சென்சார் பெயர்களைப் பார்த்து எவ்வளவு நம்பலாம்?

விளம்பரங்களில் அதிகம் இடம் பிடிப்பது இதுதான். நான்கு வகை:

1. ஒளி எண்ணும் சக்கரம். அசல் கன்ட்ரோலரில் இருப்பது. சென்சார் தேயாது, சுற்றியுள்ள பிளாஸ்டிக் தேயும்.
2. பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவின் ஒலி கூட்டும் குமிழுக்குள் இருக்கும் அதே பொருள். கார்பன் பட்டையின் மேல் ஒரு உலோக முள் உரசி நகரும். மலிவு. ஆனால் பட்டை தேய்ந்தால் கை வைக்காமலே எண் அலையும், நடுப்புள்ளி ஒரு பக்கம் நழுவும்.
3. ஹால் எஃபெக்ட். ஸ்டிக்கோடு ஒரு காந்தம் நகரும், அதன் புலத்தைச் சென்சார் தொடாமலே அளக்கும். உரசல் இல்லை.
4. டிஎம்ஆர். இதுவும் காந்தத்தை அளப்பதுதான். மின்சாரச் செலவு குறைவு, அளவு இன்னும் நுணுக்கம்.

இரண்டாவதைவிட மூன்றாவதும் நான்காவதும் நீண்ட காலம் உழைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நின்டெண்டோ 64 விஷயத்தில் இந்தப் பெயர்களுக்குக் கொடுக்கப்படும் மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. காரணம் இரண்டு. முதலாவது, ஹால் எஃபெக்ட் தீர்த்து வைப்பது சென்சாரின் உரசலை. அசல் கன்ட்ரோலரில் கெட்டுப்போனது சென்சார் இல்லை, கிண்ணம். காந்தச் சென்சார் வைத்துவிட்டு அச்சையும் வளையத்தையும் மட்டமான பிளாஸ்டிக்கில் செய்தால் பழைய கதைதான். இரண்டாவது, நுணுக்கம். சென்சார் ஆயிரம் படிகளை அளந்தாலும் கம்பியில் போவது 8 பிட்டு, அதில் விளையாட்டு பயன்படுத்துவது ஒரு பக்கத்துக்கு எண்பது படி. டிஎம்ஆரின் கூடுதல் நுணுக்கம் கன்சோலை வந்து சேர்வதே இல்லை.

அந்த அளவீட்டை எண்ணாக மாற்றும் சிறு நிரல்தான் கன்ட்ரோலரின் தரத்தைத் தீர்மானிக்கிறது. வருத்தம் என்னவென்றால் எந்தப் பெட்டியிலும் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

சந்தையில் இருப்பவை

பிற நிறுவனங்கள் இந்தக் கன்சோலுக்குக் கன்ட்ரோலர் செய்வது புதிதல்ல. தொண்ணூறுகளிலேயே மேட் கேட்ஸ், இன்டராக்ட் போன்றவை செய்தன. அவை அசலைவிட மலிவு, தம்பிக்குக் கொடுக்கும் கன்ட்ரோலர் என்ற பெயரும் அவற்றுக்கு ஒட்டிக்கொண்டது.

விதிவிலக்கு ஜப்பானின் ஹோரி நிறுவனம் நின்டெண்டோவின் உரிமத்தோடு செய்த மினி பேட். அசலின் மூன்று கைப்பிடிகளை விட்டுவிட்டு இரண்டு கைப்பிடியோடு சிறியதாக வந்தது. சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் போட்டியாளர்கள் பலர் இதை விரும்புகிறார்கள். ஜப்பானில் மட்டுமே விற்றதால் இன்று பழைய பொருள் சந்தையில் விலை அதிகம்.

அந்த விலையே புதியவற்றுக்கு வழி திறந்தது. ரெட்ரோ-பிட் நிறுவனத்தின் ட்ரிபியூட்64, ஹோரியின் அமைப்பை அப்படியே பின்பற்றியது. ரெட்ரோ ஃபைட்டர்ஸ் நிறுவனம் 2017-இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் திரட்டி பிராலர்64 என்பதைக் கொண்டுவந்தது. இது இன்றைய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களைப் பிடித்த கைக்கு உடனே பழகும் வடிவம். இசட் பட்டனை இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள். அது நல்ல யோசனை. அசலில் இசட் நடுக் கைப்பிடியின் அடியில் ஒன்றுதான். இரண்டு கைப்பிடி வடிவத்தில் எந்தக் கை அதை அழுத்தும் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும்.

அனலாக் 3டி-யை மனத்தில் வைத்து எய்ட்பிட்டோ நிறுவனம் செய்தது எய்ட்பிட்டோ 64. இது புளூடூத்தில் இயங்குவது. பழைய நின்டெண்டோ 64-இன் துளையில் செருக முடியாது, இடையில் ஒரு அடாப்டர் வேண்டும். மறுபக்கம், அனலாக் 3டி-யின் முகப்பில் பழைய வகைத் துளைகள் நான்கும் இருக்கின்றன. அதனால் அந்தக் கன்சோலை வாங்கியவர் புளூடூத் கன்ட்ரோலர்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நின்டெண்டோவே 2021-இல் ஸ்விட்ச் கன்சோலுக்காக அசல் வடிவத்தில் ஒரு புளூடூத் கன்ட்ரோலரை வெளியிட்டது. மூன்று கைப்பிடி வேண்டும், புதியதாகவும் இருக்க வேண்டும் என்பவர்கள் அடாப்டர் போட்டு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அசலைத் திறந்து பழுதுபார்ப்பது இன்னொரு வழி. தேய்ந்த கிண்ணத்துக்குப் பதிலாக உலோகக் கிண்ணம், புதிய பற்சக்கரம் என்று உதிரிபாகங்களைச் சிறு பட்டறைகள் செய்து விற்கின்றன. ஸ்டிக் தொகுதியையே கழற்றிவிட்டு, நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான கேம்கியூப் வடிவ ஸ்டிக் மாட்டும் மலிவான வழியும் உண்டு. அதற்குள் இருப்பது பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர். கேம்கியூப் ஸ்டிக் விரலுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன அதிக வீச்சுக் கோளாறு இதில் அடிக்கடி தென்படும். ஸ்டிக்கை டக்கென்று விட்டால் நடுவைத் தாண்டி மறுபக்கம் துள்ளி, பாத்திரம் திரும்பிப் பார்ப்பதும் நடக்கும்.

இவற்றில் என் முதல் தேர்வு, நல்ல நிலையில் உள்ள அசல் கன்ட்ரோலரும் ஒரு புதிய கிண்ணமும்தான். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தயங்காதவர்களுக்கு இதைவிடச் சரியான எண் வேறு எதிலும் கிடைக்காது. மூன்று கைப்பிடி பிடிக்கவே இல்லை என்பவர்கள் மட்டும் மற்றவற்றைப் பார்க்கலாம்.

சி பட்டன்களும் கைப்பிடியும்

வலப்பக்கம் இரண்டாவது ஸ்டிக் வைத்த கன்ட்ரோலரை அடாப்டர் மூலம் இணைப்பவர்கள், நான்கு சி பட்டன்களையும் அந்த ஸ்டிக்குக்கு ஒதுக்குவது வழக்கம். கேமராவைத் திருப்ப மட்டும் சி பட்டன் பயன்படும் விளையாட்டில் இது போதும். 1998-இல் வந்த செல்டா, ஆக்கரினா ஆஃப் டைமில் போதாது. அதில் பொருட்களை எடுப்பதும் குழலில் ராகம் வாசிப்பதும் பெரும்பாலும் சி பட்டன்களால்தான். ஸ்டிக்கைத் தட்டித் தட்டி ராகம் வாசித்தால் சுரம் பிசகும். அப்படிப்பட்ட விளையாட்டுக்கு சி பட்டன்கள் தனித்தனிப் பட்டன்களாக இருக்க வேண்டும்.

அசலின் மூன்று கைப்பிடியைக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு திட்டம் இருந்தது. ஸ்டிக் வேண்டிய விளையாட்டில் இடக்கை நடுவைப் பிடிக்கும். திசைப் பட்டன் மட்டும் வேண்டிய கிர்பி 64 போன்றவற்றில் இடக்கை இடது ஓரத்தைப் பிடிக்கும். இரண்டு கைப்பிடிக் கன்ட்ரோலரில் ஸ்டிக்கும் திசைப் பட்டன்களும் ஒரே கட்டைவிரலுக்குப் போட்டியிடும், ஒன்று கைக்கு வாகாக இருந்தால் மற்றது தள்ளியிருக்கும். வாங்கும் முன் நீங்கள் ஆடும் விளையாட்டு எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத் துளை

அசல் கன்ட்ரோலரின் பின்னால் ஒரு துளை உண்டு. அதில் மூன்று பொருள்கள் மாறி மாறிச் செருகப்படும்.

1. கன்ட்ரோலர் பேக். 32 கிலோபைட் நினைவகம். கேட்ரிட்ஜில் சேமிக்க இடமில்லாத விளையாட்டுகளுக்கு. மரியோ கார்ட் 64-இன் நிழல் ஓட்டங்களும் (நாம் முன்பு ஓட்டியதன் பதிவுகள்) இதில்தான் சேமிக்கப்படும். உள்ளே பட்டன் செல் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் சேமித்தது அழியும்.
2. ரம்பிள் பேக். 1997-இல் ஸ்டார் ஃபாக்ஸ் 64-உடன் வந்த அதிர்வுக் கருவி. தனக்கென இரண்டு ஏஏஏ பேட்டரிகள் வைத்திருக்கும்.
3. டிரான்ஸ்பர் பேக். கையடக்கக் கன்சோலான கேம்பாயின் கேட்ரிட்ஜைச் செருகி, போக்கிமான் ஸ்டேடியத்துக்கு உங்கள் போக்கிமான்களைக் கொண்டுவர.

புளூடூத் கன்ட்ரோலரில் இந்தத் துளை இருக்காது. அதிர்வையும் சேமிப்பையும் சில அடாப்டர்கள் தாங்களே பாவித்துக் காட்டும். புளூரெட்ரோ என்ற திறந்த மூலத் திட்டம் இதைச் செய்கிறது. ஆனால் கன்சோலைப் பொறுத்தவரை ஒரு துளையில் ஒரு பொருள்தான் இருக்க முடியும். எனவே ஒரே கன்ட்ரோலர் ஒரு நேரத்தில் நினைவகம் என்றோ அதிர்வு என்றோ ஏதாவது ஒன்றாகத்தான் தன்னைக் காட்டிக்கொள்ள முடியும். டிரான்ஸ்பர் பேக்குக்கு உண்மையான துளைதான் வேண்டும்.

வயர்லெஸ் தாமதம்

இதைப் பற்றிய கவலை அளவுக்கு மீறியது. கம்பியில் ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோ விநாடி, 32 பிட்டுக்கு 128 மைக்ரோ விநாடி. கண்டுகொள்ளவே வேண்டாத அளவு. வயர்லெஸ் இதோடு சில மில்லி விநாடிகளைச் சேர்க்கும். ஆனால் மரியோ 64 விநாடிக்கு 30 படங்கள்தான் வரைகிறது, ஆக்கரினா 20. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 அல்லது 50 மில்லி விநாடி இடைவெளி இருக்கும் இடத்தில் நல்ல வயர்லெஸின் தாமதம் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. போட்டிக்கு ஆடுபவர்கள் மட்டும் கம்பியிலேயே இருப்பது நல்லது.

வயர்லெஸில் கவனிக்க வேண்டியது வேறொன்று. கன்ட்ரோலர் ஒருமுறை எண்ணைத் திருத்தும், அடாப்டர் இன்னொரு முறை திருத்தும். இரண்டும் சேர்ந்து வீச்சைச் சுருக்கினால் தேய்ந்த ஸ்டிக்கின் நிலை, இரண்டும் சேர்ந்து நீட்டினால் தொட்டால் ஓடும் நிலை. திருத்தம் ஓரிடத்தில் மட்டும் நடக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் எப்படிச் சோதிப்பது?

மெமரி கார்டு போட்டு இயங்கும் எவர்டிரைவ் போன்ற கேட்ரிட்ஜ் இருந்தால், ஸ்டிக்கின் எண்ணைத் திரையில் காட்டும் சோதனை நிரல்களை ஓட்டலாம். நான்கு நேர்த்திசையிலும் 80-ஐ ஒட்டியும் நான்கு மூலையிலும் 70-ஐ ஒட்டியும் வருகிறதா என்று பாருங்கள். கையை எடுத்ததும் பூஜ்யத்துக்கோ அதற்கு ஓரிரு எண் பக்கத்திலோ வந்து நிற்க வேண்டும். ஸ்டிக்கை மெதுவாகச் சாய்க்கும்போது எண்கள் தாவாமல் ஒவ்வொன்றாக ஏற வேண்டும்.

அந்தக் கேட்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு சூப்பர் மரியோ 64-ஏ போதும். முதலில் கோட்டையின் வெளியே திறந்த புல்வெளியில் முழுச் சாய்வில் ஓடுங்கள். ஸ்டிக்கை முழுக்கத் தள்ளியும் ஓட்டம் பிடிக்காமல் நடையாகவே இருந்தால் எண் குறைவு. பிறகு வோம்ப்ஸ் ஃபோர்ட்ரெஸ் என்ற இரண்டாவது உலகத்துக்குப் போங்கள். அங்கே பிரானா செடிகள் தூங்கிக்கொண்டிருக்கும், அருகில் போனால் தாலாட்டு கேட்கும். வேகமாக நெருங்கினால் விழித்துக் கடிக்கும், பூனைநடையில் போனால் தூங்கிக்கொண்டே இருக்கும். ஸ்டிக்கைக் கால்வாசி மட்டும் சாய்த்து, விரலை அங்கேயே நிறுத்தி, செடியை நோக்கி நடந்து பாருங்கள். ஐந்து முறையில் ஐந்து முறையும் செடி விழித்துக்கொண்டால் கடைக்காரரிடம் பில் இருக்கும்போதே கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.